பட்டியல் முதலில், நிரல் பிறகு: பாசனச் சங்கத் தளத்தில் ஜாவாஸ்கிரிப்டைச் சேர்ப்பது எப்படி?

மன்னார்குடிக்கு அருகே ஓர் ஆற்றுப்பாசன விவசாயிகள் சங்கத்தின் இணையதளத்தைக் கவனித்துவரும் நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். தளத்தில் மேட்டூர் அணையின் அன்றாட நீர்மட்டம், கல்லணையில் பிரித்துவிடப்படும் தண்ணீரின் அளவு, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் பட்டியல், வாய்க்கால் உடைப்பையும் மதகுப் பழுதையும் தெரிவிக்கும் படிவம் ஆகியவை இருக்கின்றன. பட்டியலை வட்டம் வாரியாகப் பிரித்துக் காட்டவும், படிவத்தை அனுப்புவதற்கு முன்பே பிழை திருத்தவும், நீர்மட்டத்தை வரைபடமாகக் காட்டவும் உலாவிக்குள் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டைச் சேர்க்க விரும்புகிறீர்கள். ஆனால் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் பார்வை மங்கிப்போய், கைப்பேசியில் திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானின் குரலைக் கேட்டே தளத்தைப் பயன்படுத்துகிறார். அவருக்காக ஜாவாஸ்கிரிப்டே கூடாது என்று ஒரு நண்பர் சொல்ல, இந்தக் காலத்தில் முழுத் தளத்தையும் ஜாவாஸ்கிரிப்டிலேயே கட்டிவிட வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

இருவர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டாம். முதல் நண்பரின் கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்வதே அணுகல்தன்மை; 1999 மே மாதம் வெளியான இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டியின் முதல் பதிப்பு, நிரல்கள் அணைக்கப்பட்டிருந்தாலும் பக்கம் பயன்பட வேண்டும் என்று நேரடியாகவே கேட்டது. அன்றைய திரைவாசிப்பான்கள் பக்கத்தை ஒருமுறை படித்து எடுத்துக்கொண்டு, பிறகு அதில் நிரல் செய்யும் மாற்றங்களைக் கவனிக்காமலே இருந்துவிடும். ஆகவே அந்த விதி நியாயமானதே. 2008 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு அந்த நிபந்தனையை விட்டுவிட்டு, நிரலால் உருவாகும் பகுதியும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று மாற்றிக் கேட்டது. 2018இல் வந்த 2.1, 2023இல் வந்த 2.2 ஆகியவையும் அந்த வழியிலேயே செல்கின்றன. இன்று திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் அனைவரும் ஏறத்தாழ ஜாவாஸ்கிரிப்ட் இயங்கும் சாதாரண உலாவியைத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் மூத்த உறுப்பினரின் கைப்பேசியிலும் நிரல் இயங்கும். அது என்ன செய்தது என்று அவருக்குத் தெரியவருமா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இரண்டாம் நண்பருக்கான பதில் வேறிடத்தில் இருக்கிறது. பிரிட்டன் அரசின் மின்னணுச் சேவைப் பிரிவு 2013இல் தன் தளத்துக்கு வந்தவர்களை வைத்து ஒரு கணக்கு எடுத்தது. ஏறக்குறைய 1.1 விழுக்காட்டினருக்கு ஜாவாஸ்கிரிப்டின் பயன் கிடைக்கவில்லை. அதில் நிரலைத் தாமே அணைத்துவைத்தவர்களும் நிரலை ஆதரிக்காத உலாவி உடையவர்களும் சேர்ந்து 0.2 விழுக்காடுதான், எஞ்சிய 0.9 விழுக்காட்டினர் நிரல் இயங்கக்கூடிய உலாவியை வைத்திருந்தும் ஏதோ காரணத்தால் அது இயங்காமல் போனவர்கள். இணைய இணைப்பு பாதியில் அறுந்திருக்கலாம், நடுவில் ஏதேனும் தடுப்பு இருந்திருக்கலாம், உலாவியில் சேர்த்த துணைநிரல் குறுக்கிட்டிருக்கலாம், நிரலிலேயே ஒரு பிழை இருந்திருக்கலாம். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் ஒரு குறியை மூடாமல் விட்டாலும் உலாவி சமாளித்துக்கொண்டு மீதியைக் காட்டிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் அந்தக் கோப்பு முழுவதும் இயங்காது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கப் புள்ளிவிவரமே தேவையில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. கைப்பேசிக் கோபுரங்கள் ஜெனரேட்டர் ஓடும்வரை மட்டும் உயிரோடிருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில்தான் வாய்க்கால் உடைப்பைத் தெரிவிக்கும் படிவம் உண்மையாகவே தேவைப்படும். எழுத்தாக வரும் பக்கம் சில கிலோபைட்டுகளில் வந்து சேர்ந்துவிடும். நிரலாகக் கட்டிய பக்கமோ மெகாபைட் கணக்கில் இறங்கி முடியும்வரை வெள்ளைத் திரையாகவே இருக்கும். புயல் வராத நாளிலும் வயல் நடுவே சிக்னல் ஒற்றைக் கோட்டில்தான் நிற்கிறது.

ஆகவே நான் சொல்வது 2003இலேயே பெயர் பெற்றுவிட்ட ஒரு முறைதான். அந்த ஆண்டு ஸ்டீவன் சாம்பியன், நிக் ஃபிங்க் என்னும் இருவர் அதற்குப் படிப்படியான மேம்பாடு என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். முதலில் வெறும் எச்டிஎம்எல்லும், பக்கங்களை அனுப்பிவைக்கும் கணினியான சர்வரும் மட்டுமே வேலையை முழுதாகச் செய்து முடிக்க வேண்டும். நிரல் அந்த வேலையை விரைவாக்கவோ எளிதாக்கவோ மட்டும் வர வேண்டும். அது வராத நாளில் வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கலாமே ஒழிய நின்றுவிடக் கூடாது. ஆனால் இந்த முறை இத்துடன் நிறைவடைந்துவிடுவதாகப் பலர் எண்ணிக்கொள்வதால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நிரல் இல்லாமலும் பக்கம் இயங்கும் என்பதால் நிரல் இயங்கும்போது அணுகல்தன்மை தானாக வந்துவிடாது. உங்கள் மூத்த உறுப்பினர் காண்பது நிரல் இயங்கிய பிறகு இருக்கும் பக்கத்தைத்தான். எனவே இரண்டு நிலைகளையும் தனித்தனியே சரிபார்த்தாக வேண்டும்.

கொள்முதல் நிலையப் பட்டியலையே எடுத்துக்கொண்டு அருகிலிருந்து பார்ப்போம். எல்லா நிலையங்களும் ஒரே அட்டவணையில், ஊர், வட்டம், முகவரி, திறந்திருக்கிறதா என்ற விவரங்களுடன் எச்டிஎம்எல்லாகவே வரட்டும். அட்டவணையின் தலைப்பு வரிசை உண்மையான தலைப்புக் கட்டங்களாக இருக்க வேண்டும்; அப்போதுதான் திரைவாசிப்பான் ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லும்போது அது எந்தப் பத்தியை, அதாவது நெடுவரிசையை, சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும். அட்டவணைக்கு மேலே ஒரு சிறு படிவம்: நன்னிலம், குடவாசல், வலங்கைமான், நீடாமங்கலம் என்று வட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலும், அதன் பக்கத்தில் ‘காட்டு’ என்ற பொத்தானும். பொத்தானை அழுத்தினால் படிவம் சர்வருக்குச் சென்று, தேர்ந்த வட்டத்தின் நிலையங்கள் மட்டும் உள்ள பக்கம் திரும்ப வரும். அந்தப் பக்கத்துக்கென்று ஒரு முகவரியும் கிடைத்துவிடுவதால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். இதுவரை ஒரு வரி நிரல்கூட எழுதப்படவில்லை, வேலை முடிந்துவிட்டது.

இனி நிரலைச் சேருங்கள். படிவம் அனுப்பப்படும் நிகழ்வை நிரல் இடைமறித்து, சர்வரிடம் போகாமல், வேண்டாத வரிசைகளை அங்கேயே மறைத்துவிடட்டும். இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, பொத்தானை நீக்கிவிட்டு, வட்டத்தின் பெயர் மாறியவுடனேயே பட்டியலும் மாறும்படி எழுதுவது. விசைப்பலகையில் கீழ்நோக்கு விசையை அழுத்தி ஒவ்வொரு பெயராக நகர்கிறவருக்கு, சில உலாவிகளில், ஒவ்வொரு அழுத்தமும் ஒரு மாற்றமாகவே கணக்காகும். வலங்கைமானுக்குப் போவதற்குள் பட்டியல் கேட்காமலே மாறியிருக்கும். பொத்தானை விட்டுவையுங்கள். ஓர் அழுத்தம் கூடுதலாகிறதே என்று வருந்த வேண்டாம். தான் எப்போது கேட்டோம் என்பது பயனாளருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

வரிசைகள் மறைந்ததைப் பார்வையுள்ளவர் ஒரே நொடியில் கண்டுகொள்வார். திரைவாசிப்பானை வைத்திருப்பவருக்கு அப்போது பெரிய மௌனம் மட்டுமே கிடைக்கும். பொத்தான் வேலை செய்ததா என்பதே அவருக்குத் தெரியாது. அதற்காக அட்டவணைக்கு மேலே திரைவாசிப்பான் தானாகப் படிக்கும்படி ‘நிலை’ (status) என்னும் பங்கைக் குறித்த ஒரு சிறு பகுதியை வைத்து, ‘வலங்கைமான் வட்டத்தில் 9 நிலையங்கள்’ என்பது போன்ற ஒரு வரியை நிரல் அதில் எழுதட்டும். அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.1ஆம் பதிப்பு இதையே நிலைச் செய்திகள் என்ற தனி அளவுகோலாக வைத்திருக்கிறது. ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள்: அந்தப் பகுதி பக்கம் வரும்போதே வெறுமையாக அங்கே இருக்க வேண்டும். பகுதியையும் அதிலுள்ள செய்தியையும் ஒரே நேரத்தில் உருவாக்கிச் செருகினால் பல திரைவாசிப்பான்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிடும். அந்த வரி கண்ணுக்கும் தெரியட்டும். எண்ணிக்கை எல்லோருக்கும் பயன்படுவதுதான். கடைசியாக, நிரல் உலாவியின் முகவரியையும் வட்டத்துக்கு ஏற்ப மாற்றிவிட்டால் பின்செல்லும் பொத்தானும் முன்போலவே இயங்கும்.

பட்டியலின் தலைப்புகளை அழுத்தி வரிசைப்படுத்தும் வசதியையும் கேட்டிருக்கிறீர்கள். அழுத்துவதற்கு உரிய ஒவ்வொன்றையும் உண்மையான பொத்தானாக வையுங்கள். தனக்கென்று பொருள் இல்லாத பெட்டியான டிவ் குறியில் கிளிக்கைக் கட்டி, நிறம் பூசிப் பொத்தான் போலக் காட்டுவதைவிடப் பெரிய வீண்வேலை இத்துறையில் இல்லை. பொத்தான் குறி தானாகவே தாவல் விசைக்குப் பிடிபடும், என்டர் விசைக்கும் இடைவெளி விசைக்கும் இயங்கும், தன்னைப் பொத்தான் என்று திரைவாசிப்பானிடம் சொல்லிக்கொள்ளும். டிவ் குறிக்கு இவற்றையெல்லாம் நீங்களே ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஒன்றையாவது மறந்துவிடுவீர்கள். திரைவாசிப்பானுக்குக் கூடுதல் விவரம் சொல்ல எச்டிஎம்எல்லில் சேர்க்கும், ஏரியா (ARIA) என்று அழைக்கப்படும் பண்புக்கூறுகளின் விதிகள்கூட முதல் விதியாக இதைத்தான் சொல்கின்றன: எச்டிஎம்எல்லிலேயே ஏற்ற குறி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தை நிரப்பவே ஏரியா. எந்தப் பத்தி எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஏரியா-சார்ட் என்ற பண்பால் குறிப்பது அப்படிப்பட்ட ஓரிடம்.

இந்த வரிசைப்படுத்தும் பொத்தான்களைச் சர்வரிலிருந்து அனுப்பாதீர்கள். நிரல் இல்லாமல் பயன்படாத எதையும் நிரலே உருவாக்கட்டும். அப்படிச் செய்தால் நிரல் வராத நாளில் செத்த பொத்தான் எதுவும் திரையில் இராது. அழுத்தி அழுத்திப் பார்த்து ஏமாறுகிறவரும் இருக்க மாட்டார்.

இதற்கு மறுதலையான பொறி இன்னும் கொடியது. நானே அதில் விழுந்திருக்கிறேன். நீண்ட விளக்கங்களை மடித்துவைத்து, தலைப்பை அழுத்தினால் விரியும்படி செய்வது வழக்கம். பக்கம் வரும்போது விரிந்த நிலையில் ஒரு கணம் தோன்றி, பிறகு சுருங்குவது கண்ணை உறுத்துகிறது என்பதற்காக, தொடக்கத்திலேயே நிரல் உண்டு என்று ஓர் அடையாளத்தை ஒட்டி, அந்த அடையாளம் இருந்தால் பகுதிகளை மறைக்கும்படி, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் எழுதிவிட்டேன். அடையாளத்தை ஒட்டும் ஒற்றை வரி பக்கத்திலேயே இருந்தது. விரிக்கும் நிரல் வேறொரு கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பு வந்துசேராத கைப்பேசிகளில் பகுதிகள் மறைந்தன, மறைந்தபடியே இருந்தன. மறைப்பதையும் திறப்பதையும் ஒரே நிரல்தான் செய்ய வேண்டும். அதுவும் திறக்கும் ஏற்பாட்டை முடித்த பிறகே மறைக்க வேண்டும். நிரல் இல்லாதவர்களுக்கென்று உள்ள நோஸ்கிரிப்ட் குறியும் இங்கே கைகொடுக்காது. நிரல் அணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே உலாவி அதைக் காட்டும். நிரல் வழியில் தொலைந்துபோன 0.9 விழுக்காட்டினருக்கு அது தெரியவே தெரியாது. மடித்து விரிப்பது மட்டுமே நோக்கம் என்றால் டீட்டெயில்ஸ், சம்மரி என்ற குறிகள் எச்டிஎம்எல்லிலேயே இருக்கின்றன; நிரலே வேண்டாம். எனக்கு அது தெரியவந்தபோது எழுதிய நிரலை அழிக்க மனம் வராமல் ஒரு வாரம் வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

படிவத்துக்கு வருவோம். அனுப்புமுன் பிழையைச் சுட்டிக்காட்டுவது நல்லதுதான், ஆனால் அந்தச் சரிபார்ப்பு நம்மூர் வழக்கத்தை அறிந்திருக்க வேண்டும். புல எண் என்பதால் எண் மட்டுமே வரும் என்று எண்ணி அந்தக் கட்டத்தை எண் வகையாக வைத்தால், 112/3ஏ என்று உட்பிரிவுடன் எழுத வருகிறவர் சாய்கோட்டைத் தட்ட இடமின்றித் திகைத்துப்போவார். பெயரில் ஆங்கில எழுத்துகள்தான் இருக்கலாம் என்று எங்கிருந்தோ எடுத்த சரிபார்ப்பு வரியை ஒட்டினால், தன் பெயரைத் தமிழில் எழுதிய குற்றத்துக்காக ஒருவர் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்குவார். நீளத்தையும் பாருங்கள்: சுப்பிரமணியன் என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் 8, கணினி எண்ணும் குறிகள் 13. பெயருக்கு 20 எழுத்து போதும் என்று வரம்பு வைத்தால், தகப்பனார் பெயரையும் சேர்த்து எழுதுகிறவர் பாதியில் வெட்டுப்படுவார். வரம்பைத் தாராளமாக வையுங்கள்.

பிழை இருந்தால் கட்டத்தின் ஓரத்தைச் சிவப்பாக்குவதோடு நின்றுவிடாதீர்கள். நிறம் மட்டும் செய்தியைச் சுமந்தால் அதைப் பாராதவருக்கும், நிறப் பார்வைக் குறை உள்ளவருக்கும், உச்சி வெயிலில் வரப்பில் நின்று திரையைப் பார்க்கிறவருக்கும் அது போய்ச் சேராது. ‘வாய்க்காலின் பெயரை எழுதுங்கள்’ என்று என்ன செய்ய வேண்டுமோ அதைச் சொல்லும் வாக்கியத்தைக் கட்டத்தின் அருகிலேயே எழுதி, அந்த வாக்கியத்தைக் கட்டத்தோடு நிரலில் இணைத்துவிடுங்கள். கட்டத்துக்குள் வந்தவுடன் திரைவாசிப்பான் அதையும் சேர்த்துச் சொல்லும். பிழைகள் பலவானால் படிவத்தின் தலையில் அவற்றைத் தொகுத்து, விசைப்பலகையும் திரைவாசிப்பானும் நிற்கும் இடமான கவனக்குறியை (focus) அந்தத் தொகுப்புக்கு நகர்த்துங்கள். எழுத்து எழுத்தாகத் தட்டும்போதே ‘தவறு, தவறு’ என்று குறுக்கிடும் வகை சரிபார்ப்பு எனக்குப் பிடிப்பதில்லை. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதுதான் மரியாதை. இவையெல்லாம் நிரலில் செய்தாலும் சர்வரிலும் அதே சரிபார்ப்பும் அதே வாக்கியங்களும் இருந்தாக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னணியில் அனுப்பும் முயற்சி தோற்றால், நிரல் ஒதுங்கிக்கொண்டு படிவத்தைச் சாதாரண முறையில் போகவிடட்டும். தட்டி முடித்த விவரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். தண்ணீர் வயலுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போது யாரும் இரண்டாம் முறை எழுத மாட்டார்கள்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு பழைய பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் நிரலைத் தேடல் பெட்டிகளில் வைப்பது ஒரு காலத்தில் பேருதவியாக இருந்தது. அன்று கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை கிடையாது. இன்று அதே நிரல் ஒவ்வொரு விசை அழுத்தத்தையும் இடைமறிப்பதால் தாவல் விசை பெட்டிக்குள் சிக்கிக்கொள்கிறது, திரைவாசிப்பானின் கட்டளை விசைகள் போய்ச் சேருவதில்லை. ஆண்ட்ராய்டின் திரை விசைப்பலகைகளோ பெரும்பாலும் எந்த விசையை அழுத்தினாலும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் நிரலுக்குத் தருகின்றன. அப்போது மாற்றம் குழம்பிப்போகிறது. உங்கள் பழைய தளத்தில் அப்படி ஒன்று இருப்பின் எடுத்துவிடுங்கள். விட முடியாதென்றால் அணைந்த நிலையில் வைத்து, வேண்டுவோர் இயக்கிக்கொள்ளப் பொத்தான் கொடுங்கள்.

நீர்மட்டம் தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற உங்கள் விருப்பத்துக்கு என் சொந்த அனுபவமே பதில். இதே போன்ற ஒரு பக்கத்தில் அணையின் அளவை ஓடும் எழுத்தாக வைத்து, அதை மாறும்போதெல்லாம் படிக்கப்படும் நேரடிப் பகுதி என்று திரைவாசிப்பானுக்கும் குறித்து, அணுகல்தன்மையைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அரை நிமிடத்துக்கொருமுறை நிரல் அதே எண்ணை மீண்டும் எழுதிக்கொண்டிருந்தது. உறவில் பெரியப்பா முறையாகும் ஒருவர், கண்புரையால் பார்வை குறைந்தவர், தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, நான் கொள்முதல் நிலையத்துப் பேர கேக்கலாம்னு பாக்கறேன். அது பாதியிலயே மேட்டூர் மேட்டூர்ங்குது. ஒரு தடவ சொன்னா பத்தாதா?” அணையின் அளவு காலை 8 மணிக்கு எடுத்தது நாள் முழுவதும் அதுவாகவே இருக்கும் பக்கத்தில் எதற்காக அரை நிமிடத்துக்கொருமுறை புதுப்பித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. எழுத்து ஓட்டத்தையும் எடுத்துவிட்டு, ‘இன்று காலை 8 மணி நிலவரம்’ என்று தேதியுடன் ஒரே வரியாக வைத்தேன். தானாக நகர்வது எதுவானாலும் ஐந்து நொடிக்கு மேல் நீடித்தால் நிறுத்த வழி கொடுக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. நகராமலே இருந்தால் நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை.

கேட்டுக்கொண்டிருப்பவரை இடைமறித்துச் சொல்லும் வகை அறிவிப்பு ஒன்றுக்குத்தான் தகும்: கொள்ளிடத்தில் வெள்ளம் திறந்துவிடப்படும்போது கரையோரத்தாரை எச்சரிப்பது. அதையும் ஒருமுறை சொல்லிவிட்டு அமைதியாகிவிட வேண்டும்.

வரைபடத்தைப் பொறுத்தவரை நான் ஒரு முறையை வற்புறுத்துவேன். எண்களைத் தேதி வாரியாக அட்டவணையாகவே எச்டிஎம்எல்லில் வைத்துவிட்டு, நிரல் அந்த அட்டவணையைப் படித்து அதன் மேலே படத்தை வரையட்டும். கான்வாஸ் குறியில் வரைந்த கோடு திரைவாசிப்பானுக்கு வெறும் வெற்றிடம். அட்டவணை அங்கேயே இருப்பதால் அவர் இழப்பது எதுவும் இல்லை. எண்கள் ஓரிடத்தில் மட்டும் இருப்பதால் படம் ஒன்றும் பட்டியல் வேறொன்றும் சொல்லும் விபரீதமும் நேராது. படத்துக்கு ஒரு வாக்கியச் சுருக்கம் எழுதுங்கள்: முழு நீர்மட்டமான 120 அடியில் இன்று எவ்வளவு, சென்ற வாரத்தைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று. ஜூன் 12ஆம் தேதி வழக்கப்படி அணை திறப்பார்களா, நாற்றங்கால் விடலாமா என்று யோசிக்கிறவருக்கு உண்மையில் தேவை அந்த வாக்கியம்தான், கோடு அழகுக்கு. கல்லணை அளவுகளையும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு பத்திகளாக எழுதினால் போதும்.

நிலையங்களை மேப்பில் காட்டுவதற்கு நான் அவசரப்பட மாட்டேன். பக்கத்தை விரலால் நகர்த்தும்போது மேப் விரலைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை, விசைப்பலகையில் உள்ளே போனவர் வெளியே வரச் சிரமப்படுவார், கோப்பின் எடையும் அதிகம். ஒவ்வொரு நிலையத்தின் முகவரிக்கும் பக்கத்தில் வழிகாட்டும் செயலியைத் திறக்கும் ஓர் இணைப்பு போதும்.

சிக்னல் இல்லாதபோதும் கடைசியாகப் பார்த்த பக்கத்தைக் காட்டும் சர்வீஸ் வொர்க்கர் என்ற வசதி டெல்டாவுக்கு ஏற்றது. அது இல்லாவிட்டால் நட்டமில்லை, இருந்தால் பெரிய நன்மை. ஆனால் முந்தாநாள் நீர்மட்டத்தை இன்றையது என்று நம்பவைக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. சேமித்துவைத்த பக்கம் என்பதையும் அதன் தேதியையும் எண்ணுக்கு முன்பே எழுதிவிடுங்கள், பின்னால் அல்ல. கேட்கிறவர் எண்ணைக் கேட்டவுடன் அடுத்ததற்குப் போய்விடுவார்.

எந்தப் பழைய உலாவிவரை நிரலைக் கொடுப்பது என்பதற்கு எளிய வழி உண்டு. பிபிசி செய்திப் பிரிவு 2012இல் சில வசதிகள் உலாவியில் உண்டா என்று மட்டும் கேட்டு, இல்லாதவற்றுக்கு நிரலே இல்லாத பக்கத்தைத் தந்தது. இன்று நிரலைப் புதிய உலாவிகள் மட்டும் அறிந்த மாடியூல் (module) வகையாகக் குறித்தாலே பழைய உலாவிகள் அதைத் தாமே தவிர்த்துவிடும்; அடித்தளம் உறுதியாக இருப்பதால் அவற்றுக்காக நீங்கள் தனியே எதுவும் எழுத வேண்டியதில்லை.

பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லின் முதல் வரியிலேயே குறித்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைத் தாண்டிப் போய்விடக்கூடும். நிரல் இடையில் செருகும் ‘லோடிங்’, ‘எரர்’ போன்ற சொற்களையும் தமிழிலேயே எழுதுங்கள். வாங்கிச் சேர்த்த நூலகங்களுக்குள் இவை ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கும்.

சட்டத்தைக் காட்டிச் சங்கத்தாரை இணங்கவைக்க வேண்டியிருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், மின்னணு வழி அணுகலும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இருக்கின்றன. ஆனால் உங்கள் சங்கத்தில் அந்த மூத்தவர் ஒருவர் இருப்பதே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

சோதிப்பதற்குப் பணம் செலவாகாது. உலாவியின் உருவாக்குநர் கருவியில் நிரலை முடக்கி ஒருமுறை படிவத்தை அனுப்பிப் பாருங்கள். பிறகு நிரலை முடக்காமல், நிரல் கோப்பின் முகவரியை மட்டும் தடுத்து இன்னொருமுறை அனுப்புங்கள். இரண்டும் வெவ்வேறு சோதனைகள். இரண்டாவதில்தான் பிழைகள் வெளிப்படும். மவுஸை ஒதுக்கிவைத்துத் தாவல் விசையால் மட்டும் வலங்கைமான் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கணினியில் என்விடிஏ திரைவாசிப்பானை இலவசமாகவே நிறுவலாம். அதில் தமிழ்க் குரலும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். திரையை மறைத்துவிட்டு, காதால் மட்டும் கேட்டு ஒரு கொள்முதல் நிலையத்தைக் கண்டுபிடியுங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்தது. அதன் பிறகு மூத்த உறுப்பினரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கைப்பேசியிலேயே அவர் செய்வதை வாய் திறக்காமல் அரை மணி நேரம் பாருங்கள். ‘இங்கே அழுத்துங்க ஐயா’ என்று நீங்கள் சொல்ல வாயெடுக்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

வேலையைத் தொடங்கும் வரிசையைக் கேட்டால், முதலில் வாய்க்கால் உடைப்புப் படிவத்தை நிரல் இன்றி இயங்கவையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அது தயாராகிவிட வேண்டும். அடுத்தது கொள்முதல் நிலையப் பட்டியல்; சம்பா அறுவடை தைக்குள் தொடங்கிவிடும், நெல் மூட்டையை ஏற்றிய டிராக்டர் எங்கே போவது என்று கேட்டு நிற்கும். வரைபடத்தை அதன் பிறகு சாவகாசமாக வரைந்துகொள்ளலாம்.